ஏழாம் எண் தட்டிலிருந்த பாசி

ஹிப்னியாவை எப்படி அடையாளம் காண்பது என்று, இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் நீங்கள். கேட்டதைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. ஆனால் அதற்கு இரண்டு பக்கம் தேவையில்லை. நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களின் கடற்கரையில், பாறை இருக்கிற இடமெல்லாம் கிடைக்கிற சிவப்புப் பாசி அது. நூல் நூலாகக் கிளைத்து, நாலு நாள் சீவாத தலைமுடி மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளைகளின் மேல் முள்ளைப் போலக் குட்டிக் கிளைகள். சில கிளைகளின் நுனி தடித்து, கொக்கியாக வளைந்து, பக்கத்தில் எது இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். இது புத்தகத்திலேயே இருக்கிறது, படத்தோடு.

புத்தகத்தில் இல்லாதது, அதைக் கையில் வைத்துக்கொண்டே அடையாளம் காணாமல் இருப்பது எப்படி என்பது. அந்த விஷயத்தில் தாம்பரம் வட்டாரத்தில் என்னை விட அனுபவசாலி யாரும் கிடையாது. அதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டும்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது. தாவரவியல் துறையில் ஒருவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார்; அவர் இடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்கு. அந்த வேலையில் உட்கார விடமாட்டார்கள். அந்த ஜூனில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். துறைத்தலைவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பிராக்டிகல் பரீட்சை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தால் கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். எந்தக் குறையும் இல்லாமல் என்பதை இரண்டு தடவை சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

பிராக்டிகலில் ஸ்பாட்டர் என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். மேஜையில் வரிசையாக எண் போட்ட தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. மணி அடித்தால் மாணவன் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். தொடக்கூடாது, தூக்கக்கூடாது. பார்த்து, பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்ற விடைப் பட்டியலை உள்ளே இருக்கிற ஆள் எழுதி, வெளியூர்க் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளரிடம் கொடுப்பார். அந்த வருஷம் உள்ளே இருந்த ஆள் நான்.

எங்கள் அலமாரியில் ஃபார்மலின் பாட்டில்களில் கடற்பாசிகள் இருந்தன. சிவப்பு, பச்சை, பழுப்பு என்ற பேதமெல்லாம் என்றோ தீர்ந்துபோய், எல்லாம் ஒரே வெளிறிய நிறத்தில் ஒற்றுமையாக இருந்தன. மாணவர்கள் பாசியைப் பார்ப்பதில்லை. மூடி உடைந்திருந்தால் இன்னது, லேபிளில் எறும்பு தின்ற ஓட்டை இருந்தால் இன்னது என்று படித்து வைத்திருந்தார்கள். தட்டில் எடுத்துப் போட்டாலும் பாட்டில் வரிசையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். முந்தின வருஷம் வந்த தேர்வாளர், புதிதாகப் பறித்த மாதிரிகள் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனவே பரீட்சைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நானே கோவளம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் நானாகச் செய்த காரியங்களை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். இரும்புலியூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவரிடம் ஒரு பக்கெட் இரவல் கேட்டேன்.

"எடுத்துக்குங்க சார். நேத்து அதுலதான் ஈஸ்டருக்கு எடுத்த புடவைய நனைச்சேன், ஒரு தடவ கழுவிக்குங்க" என்றார்.

கழுவவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவளத்தில் நீர் வற்றும் நேரத்தில் பாறைமேல் ஏறி, ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு பாசி எடுத்தேன். ஒன்று ஹிப்னியா, நல்ல கருஞ்சிவப்பு. இன்னொன்று என்டெரோமார்ஃபா, பச்சைப் பாசி, மெல்லிய குழாய் குழாயாக வழவழவென்று இருக்கும். இரண்டையும் கடல் தண்ணீரோடு பக்கெட்டில் போட்டு, கேளம்பாக்கம் வரை நடந்து, தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க நின்றேன். கண்டக்டர் படியிலேயே தடுத்துவிட்டார்.

"இன்னா சார் கீது பக்கெட்ல?"

"கடல் பாசி."

"துன்றதா?"

"இல்லப்பா, பரீட்சைக்கு."

"பரீட்சைக்கு அத்த எதுக்கு எத்துனு வர? தண்ணிய ஊத்திட்டு ஏறு. போனவாரம் ஒருத்தன் மீன் தண்ணிய வுட்டுட்டான், பஸ்ஸே பேஜாராப் போச்சு."

தண்ணீர் இல்லாவிட்டால் செத்துவிடும் என்றேன். அதற்கு டிக்கெட் எடுத்திருக்கிறாயா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடல் தண்ணீரை ரோட்டோரத்தில் கவிழ்த்தேன். அந்த அவசரத்தில் கொஞ்சம் பாசியும் சேர்ந்து மண்ணில் விழுந்தது. பஸ் நகர ஆரம்பித்திருந்ததால் குனிந்து பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாசி வாடித் தொங்கியது. பாவம், தாகமாக இருக்கும் என்று கிணற்றுத் தண்ணீரை நிறைய இறைத்து ஊற்றினேன். எம்.எஸ்சி. படித்தவன் செய்கிற காரியம். கடலில் பிறந்து வளர்ந்ததற்கு நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் பக்கெட்டில் சிவப்புப் பாசியைக் காணோம். இருந்ததெல்லாம் பச்சை. தண்ணீர் மட்டும் ரோஸ் நிறத்தில் இருந்தது.

இந்த இடத்தில் உங்களில் யாராவது சிரித்தால் உங்களுக்கு என் ஆசி. சிவப்புப் பாசியின் சிவப்பு, நல்ல தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும். உள்ளே மறைந்திருந்த பச்சை தெரியும். இதை நான் வகுப்பில் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுக்கிற விஷயம் தன் வீட்டுக் கொல்லையில் நடக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? என் மூளை அன்று வேறு விதமாக வேலை செய்தது. சிவப்புப் பாசி கேளம்பாக்கம் ரோட்டில் விழுந்துபோய்விட்டது. மிச்சமெல்லாம் பச்சைப் பாசி. தண்ணீர் ரோஸாக இருப்பது வீட்டுக்கார அம்மாவின் புடவைச் சாயம். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. போகும்போது அந்த அம்மாவிடம், "உங்க புது புடவை சாயம் போகுது டீச்சர்" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனேன். அவர் அதைக் கடைக்கே எடுத்துப்போய்ச் சண்டை போட்டு, வேறு புடவை வாங்கி வந்தார். கடைக்காரர் மன்னிப்பும் கேட்டாராம். அவருக்கு நான் சொல்ல வேண்டிய மன்னிப்பை இதுவரை சொல்லவில்லை.

பக்கெட்டில் இருந்ததில் கொஞ்சம் விறைப்பாக, பார்க்க அழகாக இருந்த ஒரு கொத்தை எடுத்து ஏழாம் எண் தட்டில் வைத்தேன். பட்டியலில் ஏழுக்கு நேரே ஹிப்னியா என்று முந்தின நாளே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, என்டெரோமார்ஃபா என்று எழுதினேன். சரியான விடையை அடித்துத் தவறான விடையைப் பரீட்சை எழுதுகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

முப்பது பேர் சுற்றி வந்தார்கள். ஏழாம் தட்டில் எல்லாரும் நொடியில் எழுதிவிட்டு மணிக்காக ஜன்னல் வழியே ஏர்ஃபோர்ஸ் விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். வருஷம் பூராவும் நான் சொன்ன மந்திரம், பாசி என்றால் முதலில் நிறத்தைப் பார் என்பது. பார்த்தார்கள். ஒருவன் மட்டும் மணி அடித்த பிறகும் நகரவில்லை. மூக்கு தண்ணீரில் படுகிற மாதிரிக் குனிந்து நின்றான். பின்னால் நின்றவன் இடித்த பிறகுதான் போனான்.

அவன் செல்லதுரை. என்னை விட ஒரு வயது மூத்தவன். மூன்றாவது தடவையாக அதே பிராக்டிகலுக்கு வந்திருந்தான். முதல் இரண்டு தடவையும், போன ஏப்ரலிலும் செப்டம்பரிலும், பாசியில்தான் விழுந்தான். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்காக ஓர் இடத்தை வைத்திருந்தார்கள். ஜூன் திறக்கும்போது டிகிரியோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை அவனே என்னிடம் சொல்லியிருந்தான். என்னை சார் என்பான். நான் அவனை என்னய்யா என்பேன். யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்தது.

மத்தியானம் பேப்பர் திருத்தினார்கள். அதாவது வெளித்தேர்வாளர் திருத்தினார், நான் எதிரே நின்றேன். ஒல்லியான மனிதர். சொந்த லென்ஸ், சொந்தச் சிவப்பு மைப் பேனா கொண்டுவந்திருந்தார். கல்லூரி கொடுத்த டிபனைத் தொடவில்லை. கடைசியாகச் செல்லதுரையின் பேப்பர் வந்தபோது ஏழாவது விடையில் நிறுத்தினார்.

"இருபத்தொன்பது பேர் சரியா எழுதியிருக்காங்க. இவர் ஒருத்தர்தான் ஹிப்னியாங்கறார். மூணாவது அட்டெம்ப்ட். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியல."

எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமானதைக் கோட்டைவிட்டானே என்று. எட்டிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தான். கிளை நுனி கொக்கி போல வளைந்திருக்கிறது, பக்கத்துக் கிளையைப் பிடித்திருக்கிறது. சின்னதாகப் படமும் போட்டிருந்தான்.

என்டெரோமார்ஃபாவுக்குக் கொக்கி கிடையாது.

தட்டைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏதோ முனகிக்கொண்டு மேஜைக்குப் போனேன். ஏழாம் தட்டில் விரலை விட்டுக் கொத்தைத் தூக்கினேன். கிளைக்குக் கிளை கொக்கி. வழவழப்பு இல்லை, விறைப்பு. பக்கெட் ஞாபகம் வந்தது, ரோஸ் தண்ணீர் ஞாபகம் வந்தது, டீச்சரின் புடவையும் வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததால் கொஞ்ச நேரம் எதையும் யோசிக்க முடியவில்லை. உதறியும் பாசி விழவில்லை. என் சட்டைக் கையில் கிளம்பியிருந்த நூல் ஒன்றில் ஒரு கொக்கி மாட்டியிருந்தது.

அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன நினைப்பான் என்று உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நினைத்தது, இந்தக் கொத்தை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டால் என்ன என்பது. அப்புறம் நிரந்தர இடம். அப்புறம் துறைத்தலைவர் இரண்டு தடவை சொன்னது. செல்லதுரை நாலாவதாகத்தான் நினைவுக்கு வந்தான். இந்த வரிசையை மாற்றி எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் வரிசை இதுதான்.

திரும்பி வந்தபோது மற்ற மதிப்பெண்களைக் கூட்டி முடித்திருந்தார். ஏழாவது கேள்விக்கு மூன்று. அது கிடைத்தால் செல்லதுரை தேறுவான், இல்லாவிட்டால் இல்லை. சிவப்பு மைப் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "மூணாவது தடவை வந்திருக்கான். ஒரு ஸ்கூல்ல வேலை காத்துட்டிருக்கு. கொஞ்சம் பார்த்து..."

எனக்கே அது நல்ல யுக்தியாகப் பட்டது. அவனும் தேறுவான், என் பட்டியலும் அப்படியே இருக்கும். கருணை என்ற பெயரில் தப்பித்துவிடலாம். இந்த வேலையில் கருணை காட்டுகிற ஆட்களைப் பார்த்தால், அவர்கள் எதை மூடுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தப்பான விடைக்கு மார்க் போடச் சொல்றீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஆனால் சரியாக எழுதியவனைத் தவறு என்று சொல்லி, அதற்கு நான் பிச்சை வாங்கித் தருவதா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"தப்பு இல்ல சார். அது ஹிப்னியாதான். தப்பு என் லிஸ்ட்ல."

அவர் எழுந்து போய், தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து அயோடின் சொட்டு விட்டார். பச்சைப் பாசியாக இருந்தால் உள்ளே இருக்கிற மாவுச்சத்து கருநீலமாகும். சிவப்புப் பாசியாக இருந்தால் ஆகாது, செம்பழுப்பாக நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். செம்பழுப்பு. அந்த நிமிஷத்தில் அது கருநீலமாக இருக்கக்கூடாதா என்று ஒரு சின்ன ஆசை எனக்குள் இருந்ததையும் மறைக்கவில்லை.

"நல்ல தண்ணியில போட்டீரா?"

"கிணத்துத் தண்ணி சார்."

"எதுக்கு?"

"வாடியிருந்தது சார்."

"உம்ம எம்.எஸ்சி. பிராக்டிகலுக்கு யார் வந்தா?"

"நீங்கதான் சார் வந்தீங்க."

"எவ்வளவு போட்டேன்?"

"எழுபத்தெட்டு சார்."

மேஜைக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். "அதிகம்" என்றார்.

செல்லதுரையின் கட்டத்தில் மூன்று போட்டார். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் ஏழாவது கேள்வியை விட்டுவிட்டு மிச்சத்தை வைத்து மதிப்பெண் கணக்கிட்டார். கெட்டுப்போன மாதிரியைக் காட்டியது அவர்கள் குற்றமில்லை என்பது அவர் வாதம். மூட்டை கட்டும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அவன் செடியப் பார்த்து எழுதினான். மத்தவங்க உம்மப் பார்த்து எழுதினாங்க."

அறிக்கையில், ஏழாம் எண் மாதிரி திருப்திகரமான நிலையில் இல்லை என்று எழுதியிருந்தார். என் நிலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைத் துறைத்தலைவர் தானே புரிந்துகொண்டார். அந்த ஜூனில் நிரந்தர இடத்துக்கு வேறொருவர் வந்தார். நான் இன்னும் இரண்டு வருஷம் விடுப்பில் போனவர் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்த பிறகு ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் செல்லதுரையைப் பார்த்தேன். குரோம்பேட்டைக்கு மின்சார ரயிலில் போய்வர ஆரம்பித்திருந்தான். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள். டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏன்யா, எல்லாரும் பச்சையா இருக்கறதப் பார்த்து ஏமாந்தாங்க. நானே ஏமாந்தேன். நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவன் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தான்.

"பச்சையாவா சார் இருந்துச்சு?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அவன் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பையனையும் அதிலேயே சேர்த்துவிடப் பார்த்தார். மெடிக்கலில் வண்ணப் புள்ளிகள் போட்ட அட்டையைக் காட்டி அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். புள்ளிதான் தெரிந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் சிக்னலை நம்பி ரயிலைக் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்காமல் தாவரவியலில் சேர்ந்தான். கடைசி வருஷத்தின் முதல் வாரம் நான் வகுப்புக்கு வந்து, பாசி என்றால் முதலில் நிறத்தைப் பார் என்றேன்.

"சொல்லியிருக்கலாமேய்யா" என்றேன்.

"ரயில்வேக்காரன் மாதிரி நீங்களும் வெளிய அனுப்பிட்டா என்ன சார் பண்றது? ரெண்டு தடவ நிறத்த ஊகிச்சு எழுதினேன், ரெண்டு தடவையும் போச்சு. இந்தத் தடவ ஒவ்வொரு பாசிக்கும் நுனி எப்படி, கிளை எப்படின்னு வரைஞ்சு வரைஞ்சு மனப்பாடம் பண்ணேன். கலர் பக்கமே போகல."

டீக்கடைக்காரர் கிளாஸைக் கேட்டார். கொடுத்தோம். அவன் வண்டி வந்தது. ஏறும்போது, இதைத் துறையில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அவன் ரிட்டயர் ஆகும்வரை சொல்லவில்லை. இப்போது அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னான், மாற்றியிருக்கிறேன்.

அவன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருஷா வருஷம் கோவளம் போவான். எடுத்த பாசிகளைத் தாளில் ஒட்டிக் காயவைத்து, நம் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொண்டிருந்தான். எல்லாம் இப்போது உங்கள் அலமாரியில், மேல்தட்டில் இருக்கின்றன. சாவி உங்களிடம்தான். எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளின் கீழேயும் இடம், தேதி, சேகரித்த பிள்ளையின் பெயர். அதற்குக் கீழே நிறம் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் அவன் கையெழுத்தில் இப்படி இருக்கும்: சிவப்பு, மூன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னது. பழுப்பு, என் மனைவி சொன்னது. ஒரு தாளில், பச்சை, மனைவி சொன்னது. சிவப்பு, டீச்சர் சொன்னது. நுனியில் கொக்கி, நான் பார்த்தது.

கீழ்த்தட்டில் இருப்பவை என்னுடையவை. என்னுடைய தாள்களிலும் நிறம் எழுதியிருக்கிறது, ஒரு சந்தேகமும் இல்லாமல். யார் சொன்னது என்று இருக்காது. அவற்றைப் பார்க்கும்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.